வெளிநாட்டில் மொழி ஆசிரியராகத் தொடங்க: எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது

வெளிநாட்டுக்குப் போய் மொழி கற்பிக்க நினைப்பவர்கள் திறமை இருந்தும் தடுக்கி விழுவது பெரும்பாலும் வரிசையில்தான். முதலில் ஒரு நாட்டை மனதில் பிடித்துக்கொள்கிறார்கள், அப்புறம் வேலை தேடுகிறார்கள். வேலை கிடைத்த பிறகுதான் தங்கள் பாஸ்போர்ட்டுக்கு அந்த விசாவே கிடையாது என்றோ, பட்டச் சான்றிதழுக்கு முத்திரை வாங்க இன்னும் பல வாரம் ஆகும் என்றோ தெரியவருகிறது. அதற்குள் பள்ளி வேறு ஆளை எடுத்துவிடும்.

இந்த வேலையைச் செய்து, புதிதாக வந்தவர்களைப் பக்கத்திலிருந்து பார்த்த பிறகு எனக்குச் சரியென்று பட்ட வரிசை இது. வேலைகள் அதிகம் ஆங்கிலத்தில் இருப்பதால் எடுத்துக்காட்டுகளும் ஆங்கிலத்தை ஒட்டியே இருக்கும். தமிழோ பிரெஞ்சோ ஜெர்மனோ கற்பிக்கப் போகிறவர்களுக்குச் சான்றிதழின் பெயர் மட்டும் மாறும், வரிசை மாறாது.

1. உங்கள் பாஸ்போர்ட்டும் படிப்பும் எங்கே செல்லும் என்று பாருங்கள்

வேலை விளம்பரத்தைத் திறக்கும் முன், அந்த நாட்டின் குடிவரவுத் துறை மொழி ஆசிரியருக்கு எந்த விசா தருகிறது, அதற்கு யார் விண்ணப்பிக்கலாம் என்பதைப் படியுங்கள். பள்ளிக்கு உங்களைப் பிடித்திருந்தாலும் விசா கொடுப்பது பள்ளி கிடையாது.

தென் கொரியாவின் இ-2 விசாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலம் கற்பிக்க வருபவர்களைப் பொறுத்தவரை அது முக்கியமாக அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய 7 நாடுகளின் குடிமக்களுக்கானது. ஜப்பானில் கணக்கு வேறு. அங்கே அரசுப் பள்ளி போன்ற இடங்களில் கற்பிப்பதற்கான விசாவுக்கு, கற்பிக்கப்போகும் மொழியில் 12 ஆண்டு கல்வி பெற்றிருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். தனியார் மொழிப் பள்ளிகளுக்கு வேறொரு விசா, அதில் பட்டம்தான் முக்கியம். தாய்லாந்தில் ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களிடம் டோயிக் அல்லது ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் கேட்பது வழக்கம். ஒரு நாடு பாஸ்போர்ட்டைப் பார்க்கிறது, இன்னொன்று படித்த மொழியைப் பார்க்கிறது, மற்றொன்று தேர்வு மதிப்பெண்ணைப் பார்க்கிறது.

ஆங்கில வழியில் படித்திருந்தால், பள்ளியிலிருந்தும் கல்லூரியிலிருந்தும் பயிற்றுமொழிச் சான்று ஒன்றை இப்போதே வாங்கி வையுங்கள். வெளிநாட்டிலிருந்து மின்னஞ்சல் போட்டு அதை வாங்குவது பெரும்பாடு.

விளம்பரங்களில் 'நேட்டிவ் ஸ்பீக்கர் மட்டும்', அதாவது அந்த மொழியைத் தாய்மொழியாகப் பேசுபவர் மட்டும் என்று பார்த்ததும் பலர் மனம் விட்டுவிடுகிறார்கள். அது சட்டமா, பள்ளியின் விருப்பமா என்று பிரித்துப் பாருங்கள். சட்டம் என்றால் அந்த நாட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள், அதில் வாதாடிப் பயனில்லை. பள்ளியின் விருப்பம்தான் என்றால் விண்ணப்பியுங்கள். நல்ல டெமோ வகுப்புக்கு முன்னால் அந்த வரி கரைந்துபோனதை நான் பார்த்திருக்கிறேன்.

2. மெதுவாக நகரும் காகிதங்களை முதலில் கிளப்புங்கள்

இதைத்தான் எல்லோரும் கடைசிக்கு விடுகிறார்கள். பட்டச் சான்றிதழை வெளிநாட்டில் ஏற்க வைக்க இரண்டு வழி உண்டு. 1961ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கு அப்போஸ்டில் என்ற ஒரே முத்திரை போதும். சேராத நாடுகளுக்கு, அந்த நாட்டுத் தூதரகம் வரை போய்ச் சான்றொப்பம் வாங்க வேண்டும். ஜப்பானும் தென் கொரியாவும் முதல் வகை. சீனாவுக்கு 2023 நவம்பரில்தான் அது நடைமுறைக்கு வந்தது, ஆகவே பழைய குறிப்புகளை நம்பாமல், உங்கள் நாட்டுச் சான்றிதழுக்கு அங்கே அப்போஸ்டில் செல்லுமா, தூதரகம் வரை போக வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்தியா 2005 முதலே உறுப்பினர், ஆனால் இந்தியச் சான்றிதழ் என்றால் வெளியுறவு அமைச்சகத்துக்குப் போகும் முன் மாநில அளவில் ஒரு சரிபார்ப்பு இருக்கும். நேரத்தைத் தின்பது அந்த இடம்தான்.

பட்டச் சான்றிதழ் காலாவதி ஆகாது, அதனால் அதை முதலில் முடியுங்கள். காவல்துறை நன்னடத்தைச் சான்றை அப்படிச் சீக்கிரம் வாங்கக் கூடாது. அது சமீபத்தியதாக இருக்க வேண்டும் என்று கேட்பார்கள், பல இடங்களில் 6 மாதம்தான் வரம்பு. ஆர்வத்தில் முதல் நாளே வாங்கி வைத்து, வேலை கிடைக்கும்போது அது பழசாகிப்போய் மறுபடி வரிசையில் நின்றவர்கள் நிறைய. ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண்ணும் 2 ஆண்டுதான் செல்லும்.

பெயர் விஷயத்தில் கவனம். சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அதன் விரிவு, மதிப்பெண் பட்டியலில் எழுத்துக்கூட்டல் வேறு என்று இருந்தால் மூவரும் ஒரே ஆள்தானா என்று விசா அதிகாரி கேட்பார். இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று காட்டும் உறுதிமொழிப் பத்திரத்தை முன்கூட்டியே எழுதி நோட்டரி கையெழுத்து வாங்குங்கள். அது நீங்கள் போகும் நாட்டில் ஏற்கப்படுமா என்று பள்ளியிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் ஒப்பந்தக் காலம் முழுவதற்கும் செல்லுபடியாக இருக்கட்டும்.

3. சான்றிதழ் வாங்குவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்

'இந்தப் பயிற்சியில் நிஜ மாணவர்கள் முன்னால் நின்று எத்தனை மணி நேரம் கற்பிப்பேன்? அதைப் பார்த்துக் குறை சொல்ல யாராவது இருப்பார்களா?' இதுதான் கேள்வி. பதில் 'இல்லை' என்றால், அந்தச் சான்றிதழ் விசாவுக்கு உதவலாம், வகுப்பறையில் உதவாது.

சந்தையில் அதிகம் விற்பது 120 மணி நேர டெஃபில் பயிற்சி, அதாவது ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்பிக்கும் பயிற்சி. பல நாடுகளின் விசாவுக்கு அது போதும். உதாரணமாக, சீனாவில் 2 ஆண்டு கற்பித்தல் அனுபவம் இல்லாதவர்களிடம் இந்தச் சான்றைக் கேட்பார்கள். ஆனால் இணையத்திலேயே தொடங்கி இணையத்திலேயே முடியும் பயிற்சிகள் பெரும்பாலும் படித்து, கேள்விகளுக்கு விடை தேர்ந்தெடுத்து முடிப்பவை. ஆங்கில ஆசிரியர் பயிற்சிகளான கேம்பிரிட்ஜின் செல்டாவும் டிரினிட்டியின் செர்ட் டெசாலும் வேறு ரகம். இரண்டிலும் நிஜ மாணவர்களுக்கு 6 மணி நேரம் பாடம் நடத்த வேண்டும், பயிற்றுநர் பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுப்பார், முடிந்ததும் சக பயிற்சியாளர்கள் முன்னிலையில் அலசுவார்கள். முழுநேரமாகச் சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு மாதம். அந்த மாதத்தில் வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ள முடியாது.

பணம் இருந்தால் நேராக இதற்குப் போங்கள். இல்லையென்றால் மலிவான பயிற்சியை விசாவுக்காக முடித்துவிட்டு, நடைமுறைப் பயிற்சியை அடுத்த படியில் சொல்வதுபோல் நீங்களே தேடிக்கொள்ளுங்கள். ஜெர்மன் கற்பிக்க நினைப்பவர்கள் கோத்தே நிறுவனத்தின் டிஎல்எல் பயிற்சியைப் பாருங்கள்.

4. கிளம்பும் முன்பே கொஞ்சம் கற்பித்துப் பழகுங்கள்

மொழி நன்றாகத் தெரியும் என்பதால் கற்பிக்கவும் வரும் என்று நினைத்து வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே திணறுகிறார்கள். நம்மில் பலர் இலக்கண விதியைக் கேட்டு, மொழிபெயர்த்து, மனப்பாடம் செய்து ஆங்கிலம் படித்தவர்கள். வகுப்பில் நின்றதும் கை தானாக அந்த வழிக்கே போகும். ஆனால் எதிரே இருப்பவர்களுக்கு உங்கள் மொழி தெரியாது, உங்களுக்கு அவர்கள் மொழி தெரியாது. மொழிபெயர்ப்பு என்ற ஊன்றுகோலே அங்கே கிடையாது.

அதனால் தெரிந்தவர்களில் ஆங்கிலம் தடுமாறும் இரண்டு பேரைப் பிடியுங்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை கூட அவர்கள் மொழியில் பேசாமல் அரை மணி நேரம் பாடம் நடத்துங்கள். அதைப் போனில் பதிவு செய்து, பிறகு கேளுங்கள். யார் அதிகம் பேசியது என்று மட்டும் கவனியுங்கள். புதியவர்களின் பதிவில் ஆசிரியர் குரல்தான் விடாமல் ஓடும். அந்த நிலை மாறி மாணவர் குரல் பாதிக்கு மேல் வரும் வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். ஒரு நல்ல இலக்கணப் புத்தகத்தையும் கையோடு படியுங்கள்; 'ஏன் இங்கே பெர்ஃபெக்ட் டென்ஸ்?' என்று மாணவர் கேட்டால் 'அப்படித்தான் சொல்வார்கள்' என்பது பதில் ஆகாது.

5. எப்போது விண்ணப்பிப்பது, எந்த மாதிரி இடத்துக்கு

கல்வியாண்டு தொடங்கும் மாதத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஜப்பானில் ஏப்ரல், தென் கொரியாவில் மார்ச், சீனாவில் செப்டம்பர், தாய்லாந்தில் மே. அரசுப் பள்ளிகளும் அரசுத் திட்டங்களும் பல மாதம் முன்பே ஆள் எடுத்து முடித்துவிடும். தனியார் மொழிப் பள்ளிகள் ஆண்டு முழுவதும் எடுக்கும், ஆனால் நடுவில் காலியாகும் இடம் ஏன் காலியானது என்று விசாரிக்க வேண்டும்.

தனியார் மையங்களில் வகுப்பு மாலையிலும் வார இறுதியிலும் இருக்கும், மாணவர் எண்ணிக்கை குறைவு, பாடப்புத்தகம் தயாராக இருக்கும். அரசுப் பள்ளியில் பகல் வேலை, பெரிய வகுப்பு, கூடவே உள்ளூர் ஆசிரியர் ஒருவர். முதல் வேலைக்கு நான் சொல்வது, பயிற்சி தருகிற, மூத்த ஆசிரியர்கள் இருக்கிற இடத்தைத் தேர்ந்தெடுங்கள் என்பதுதான். சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. தனி ஆளாக மாட்டிக்கொண்டால் தவறுகளே பழக்கமாகிவிடும்.

6. நேர்காணலும் டெமோவும்

நேர்காணலில் உங்கள் வாழ்க்கை வரலாற்றைவிட ஒரு சின்னப் பாடத்தைத்தான் எடை போடுவார்கள். 10 நிமிட டெமோவுக்கு 5 சொற்களோ ஒரே ஒரு வாக்கிய அமைப்போ போதும். மொத்த 'பாஸ்ட் டென்ஸ்' எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வருவது வழக்கமான பிழை. படத்தைக் காட்டுங்கள், சொல்ல வையுங்கள், அவர்களுக்குள் பேச விடுங்கள், கேளுங்கள். அவ்வளவுதான்.

நீங்களும் கேள்வி கேட்க வேண்டும். இப்போது அங்கே வேலை செய்யும் வெளிநாட்டு ஆசிரியர் ஒருவருடன் தனியாகப் பேச முடியுமா என்று கேளுங்கள். நல்ல பள்ளி உடனே ஏற்பாடு செய்யும். மழுப்பினால் அதுவே பதில்.

7. ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள்

பலரும் சம்பளத் தொகையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார்கள். அதற்கு முன் பார்க்க வேண்டியது வேலை நேரம். 'வாரம் 25 மணி நேரம்' என்று இருந்தால் அது வகுப்பு நேரமா, அலுவலகத்தில் இருக்க வேண்டிய மொத்த நேரமா? தயாரிப்புக்கும் விடைத்தாள் திருத்தவும் சம்பளம் உண்டா? காலை 2 மணி நேரம், நடுவில் 5 மணி நேர இடைவெளி, மறுபடி இரவு வரை வகுப்பு என்று பிரித்துப் போட்டால் தாளில் குறைவாகத் தெரியும் வேலை நாளை முழுதாக விழுங்கிவிடும்.

அப்புறம் வீடு: பள்ளி வீடு தருகிறதா, தொகை தருகிறதா, முன்பணம் யார் கட்டுவது. மருத்துவக் காப்பீடு எந்த நாளிலிருந்து. விமான டிக்கெட் முதலிலேயே கிடைக்குமா, ஒப்பந்தம் முடித்தால்தான் திருப்பித் தருவார்களா. நடுவில் விலகினால் எத்தனை நாள் முன்னறிவிப்பு, அபராதம் உண்டா. தென் கொரியாவில் ஓராண்டு முடித்தவருக்குச் சட்டப்படி பணி முடிவுத் தொகை உண்டு, ஆகவே அங்கே 11 மாத ஒப்பந்தம் நீட்டினால் அந்த ஒரு மாதம் எங்கே போனது என்று கேட்க வேண்டும். வாய்ச்சொல்லாகக் கொடுத்த எந்த வாக்குறுதியையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள், குறைந்தது மின்னஞ்சலிலாவது.

மூன்று விஷயங்களில் பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள். வேலைக்காக ஏஜென்ட் உங்களிடம் பணம் கேட்பது, சுற்றுலா விசாவில் வந்துவிடுங்கள், பிறகு மாற்றித் தருகிறோம் என்பது, பாஸ்போர்ட்டைப் பள்ளியே வைத்துக்கொள்ளும் என்பது. இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது. சுற்றுலா விசாவில் வேலை செய்து பிடிபட்டால் அபராதமும் நாடு கடத்தலும் உங்களுக்குத்தான்.

8. விசா கைக்கு வந்த பிறகே டிக்கெட்

வேலை அனுமதியோ தகுதிச் சான்றோ பள்ளி வாங்கி அனுப்பும், அதை வைத்து நீங்கள் தூதரகத்தில் விசா வாங்க வேண்டும். பெரும்பாலான நாடுகளில் இதுதான் ஒழுங்கு. இடையில் ஏதாவது ஒரு தாள் திரும்பி வரும் என்று எடுத்துக்கொண்டே திட்டமிடுங்கள். இருக்கும் வேலையையும் விசா வந்த பிறகே விடுங்கள்.

கையில் இரண்டு மூன்று மாதச் செலவுக்குப் பணம் வேண்டும். முதல் சம்பளம் முதல் மாத முடிவிலோ அடுத்த மாத நடுவிலோதான் வரும், வீட்டு முன்பணம் முதல் நாளே போய்விடும். அசல் சான்றிதழ்கள் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் போடாதீர்கள்.

9. இறங்கிய வாரம்

பதிவுகளை முதலில் முடியுங்கள், ஊர் சுற்றுவது அப்புறம். சீனாவில் தங்குமிடத்தைக் காவல்துறையில் 24 மணி நேரத்துக்குள் பதிய வேண்டும், வேலை விசாவில் வந்தவர்கள் 30 நாளுக்குள் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஜப்பானில் வீட்டில் குடியேறிய 14 நாளுக்குள் முகவரியை நகராட்சியில் பதிய வேண்டும். வசிப்பு அட்டை இல்லாமல் வங்கிக் கணக்கோ போன் இணைப்போ சிக்கலாகும், வங்கிக் கணக்கு இல்லாமல் சம்பளம் சிக்கலாகும். எல்லாம் அந்த ஒரு பதிவில்தான் தொங்குகிறது.

10. முதல் வகுப்பு

முதல் வகுப்பில் இலக்கணம் வேண்டாம். பெயர், அறிமுகம், இவர்களால் எவ்வளவு பேச முடிகிறது என்று கேட்பது, இது போதும். ஏ4 தாளை மடித்துப் பெயர் அட்டை செய்யச் சொல்லி மேசையில் நிறுத்தச் சொல்லுங்கள். இருக்கை வரைபடம் ஒன்று போட்டுக்கொண்டு அடுத்த வகுப்புக்குள் பெயர்களைப் படித்துவிடுங்கள்.

புதிய ஆசிரியர்களின் வகுப்பு எங்கே குலைகிறது என்று பின்வரிசையிலிருந்து பார்த்தால், திரும்பத் திரும்ப ஒரே இடம்தான். தாளை விநியோகித்துவிட்டு, பிறகு என்ன செய்ய வேண்டும் என்று விளக்குகிறார்கள். தாள் கையில் வந்த நொடியில் எல்லோர் தலையும் குனிந்துவிடும். சிலர் எழுதவே தொடங்கிவிடுவார்கள், ஆசிரியரோ இன்னும் பேசிக்கொண்டிருப்பார். பிறகு ஒவ்வொரு மேசையாகப் போய் அதையே மறுபடி விளக்க வேண்டும். வரிசையை மாற்றினால் தீர்ந்தது: தாளை உயர்த்திக் காட்டி, குறைந்த சொற்களில் சொல்லி, ஒரு கேள்வியை மட்டும் ஒரு மாணவரைச் செய்ய வைத்து, 'தனியாகவா, ஜோடியாகவா?' 'எழுதணுமா, பேசணுமா?' என்று கேட்டுப் பதில் வாங்கி, அதற்குப் பிறகே தாளைக் கொடுங்கள்.

'புரிந்ததா?' என்று கேட்காதீர்கள். எல்லோரும் தலையாட்டுவார்கள். புரிந்ததா என்று தெரிந்துகொள்ள வேறு கேள்வி வேண்டும். 'ஷீ யூஸ்டு டு லிவ் பை த சீ' என்று கற்பித்தால், 'இப்போது கடற்கரையில் இருக்கிறாளா?' 'முன்பு இருந்தாளா?' 'ஒரு நாளா, நெடுங்காலமா?' என்று கேளுங்கள், அதுவும் அவர்களுக்கு எட்டும் எளிய ஆங்கிலத்தில். இந்த மூன்று பதிலும் சரியாக வந்தால் பொருள் பிடிபட்டது. பாடத்தைத் தயாரிக்கும்போதே இந்தக் கேள்விகளை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும், வகுப்பில் நின்றபடி யோசித்தால் வராது.

எளிமையாகப் பேசுகிறோம் என்று நினைத்து 'யூ கோ ஹோம் நவ்?' என்று உடைந்த ஆங்கிலம் பேசுவதும் அடிக்கடி நடக்கிறது. அவர்கள் உங்களைத்தான் பின்பற்றுவார்கள். சொற்களைக் குறையுங்கள், வேகத்தைக் கொஞ்சம் குறையுங்கள், இலக்கணத்தைச் சிதைக்காதீர்கள். கேள்வி கேட்டுவிட்டு மௌனம் வந்தால் பதறி நீங்களே பதில் சொல்லவும் வேண்டாம். இன்னொரு மொழியில் யோசித்து வாக்கியம் கட்ட அவர்களுக்கு அந்த நொடிகள் தேவை.

11. திருத்துவது எப்படி, எப்போது

மாணவர் பேசிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு பிழைக்கும் குறுக்கே விழுந்தால் அவர் அடுத்த வகுப்பில் வாயைத் திறக்க மாட்டார். சரளமாகப் பேச வைக்கும் பயிற்சி என்றால் பிழைகளைக் குறித்துக்கொண்டு, முடிந்ததும் பெயர் சொல்லாமல் பலகையில் எழுதி வகுப்பையே திருத்தச் சொல்லுங்கள். புதிதாகச் சொன்ன வாக்கிய அமைப்பைப் பயிற்சி செய்யும் நேரம் என்றால் உடனே திருத்தலாம், அங்கே துல்லியம்தான் நோக்கம்.

மாணவர்களின் தாய்மொழியைப் பற்றிக் கொஞ்சம் படித்து வையுங்கள், தயாரிப்பு பாதியாகக் குறையும். ஜப்பானியர்களும் கொரியர்களும் 'ர', 'ல' ஒலிகளில் தடுமாறுவார்கள். அரபு பேசுபவர்களுக்கு 'ப'வின் இரு ஒலிகள், அதாவது பூங்காவைக் குறிக்கும் 'பார்க்'கும் (park) நாய் குரைப்பதைக் குறிக்கும் 'பார்க்'கும் (bark) ஒன்றாகிவிடும். வியட்நாமியர் சொல்லின் கடைசி மெய்யை விழுங்குவார்கள். ரஷ்ய, சீன, ஜப்பானிய மொழிகளில் ஆங்கிலத்தின் 'ஏ' (a), 'த' (the) போன்ற சொற்களே கிடையாது, ஆகவே அவர்கள் அதை விட்டுவிடுவது சோம்பல் இல்லை.

12. ஒப்பந்தம் முடிய மூன்று மாதம் இருக்கும்போது

தொடர்வதா, வேறு நாட்டுக்குப் போவதா என்று அப்போதே பள்ளியிடம் பேசுங்கள். விசா புதுப்பிக்கவும் அடுத்த கல்வியாண்டுக்கு விண்ணப்பிக்கவும் அந்த நேரம் வேண்டும். அனுபவச் சான்றையும் வேலையில் இருக்கும்போதே கேளுங்கள். சேர்ந்த தேதி, முடித்த தேதி, வாரத்துக்கு எத்தனை வகுப்பு நேரம், எந்த வயது மாணவர்கள், எந்த நிலை என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். 'இங்கே வேலை செய்தார்' என்ற ஒற்றை வரியை அடுத்த நாட்டு விசா அதிகாரி ஏற்க மாட்டார். அந்த நாட்டில் வாங்க வேண்டிய காவல்துறைச் சான்றையும் கிளம்பும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள், வெளியே வந்த பிறகு பல நாடுகளில் அதற்குத் தூதரகம் வழியாக அலைய வேண்டியிருக்கும்.